பிடுங்கவா, சமைக்கவா?



கொஞ்சம் நீளமான பதிவு. என் வகுப்பில் நாற்பது நிமிடம் அசையாமல் உட்கார்ந்தவர்கள் நீங்கள். இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். சொந்தக்காரர்கள் காபி போட்டுக்கொண்டு வந்து உட்காரவும்.

ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து என் வாட்ஸ்அப் முழுக்கப் பச்சை. கிணற்றடியில் ஒன்று, மாமரத்தடியில் ஒன்று, வீட்டுக்கும் மதில் சுவருக்கும் நடுவில் வெயிலே படாத சந்தில் ஒன்று என்று யார் வீட்டுக் கொல்லையிலோ முளைத்த செடிகளின் படங்கள். கூடவே ஒரு வரி. மாணவர்கள் என்றால் "டீச்சர், இது என்ன செடி? சாப்பிடலாமா?" சொந்தங்கள் என்றால் "அத்தை, இதைப் பிடுங்கவா, சமைக்கவா?" ஒரு மருமகள் இந்த வாரம் அதைக்கூடச் சுருக்கிவிட்டாள். படம், அதன் கீழே ஒரு கத்திப் பொம்மை, ஒரு சட்டிப் பொம்மை, ஒரு கேள்விக்குறி. அவ்வளவுதான்.

எனக்குச் சந்தோஷம்தான். ஓய்வு பெற்ற பிறகும் சந்தேகம் கேட்க ஆள் இருக்கிறார்கள் என்றால் எந்த ஆசிரியருக்குத்தான் கசக்கும்? அந்தச் சந்தோஷத்தில்தான் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

என் அக்கா வீட்டுக் கொல்லையில் கிணற்றை ஒட்டி ஒரு செடி படர்ந்தது. மேலே பெரிய பலாமரம், எப்போதும் நிழல், எப்போதும் ஈரம். தரையோடு தரையாகப் போகும் தண்டு, எதிரெதிராக இலைகள், சின்னச் சூரியகாந்தி மாதிரி மஞ்சள் பூ. அக்கா படம் எடுத்து அனுப்பினாள். நான் அப்போது ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கையால் போனைப் பார்த்துவிட்டு, "மஞ்சள் கரிசலாங்கண்ணி. ரொம்ப நல்லது, விடாதே" என்று குரல் பதிவு அனுப்பிவிட்டுப் பாயசத்தைக் கவனிக்கப் போய்விட்டேன்.

அக்கா விடவில்லை. வாரம் இரண்டு நாள் பருப்பு போட்டுக் கூட்டு. பக்கத்து வீட்டுக்கும் ஒரு கட்டு. "என் தங்கை தாவரவியல் டீச்சர், அவளே சொல்லிட்டா" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

இரண்டு மாதம் கழித்து அங்கே போனபோது கொல்லைக் கதவைத் திறந்தேன். திறந்ததுமே வயிற்றில் ஏதோ செய்தது. இலைகள் தடிப்பாக, பளபளவென்று இருந்தன. கீழ் இலைகளில் இரண்டு பக்கமும் காது மாதிரி மடல் பிரிந்து, ஒரே இலை மூன்று முனையாக நின்றது. அது மஞ்சள் கரிசலாங்கண்ணி இல்லை. தரையை மூட அழகுக்காக நட்டு வளர்க்கும் விடேலியா. மத்திய அமெரிக்கா, கரீபியன் பக்கத்துச் செடி. அடுத்த தெருவில் புது வீடு கட்டியவர்கள் புல்தரைக்குப் பதிலாக நட்டிருக்கிறார்கள். அங்கிருந்து கழித்து வீசிய தண்டு ஒன்று மழைத்தண்ணீரோடு வந்து அக்கா வீட்டுக் கிணற்றடியில் வேர் பிடித்திருக்க வேண்டும்.

இரண்டும் ஒரே பேரினம்தான், ஸ்பாக்னெட்டிகோலா. கரிசலாங்கண்ணி ஸ்பாக்னெட்டிகோலா காலெண்டுலேசியா. மற்றது ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா. "டிரைலோபேட்டா" என்றாலே மூன்று மடல் கொண்டது என்று பொருள். அடையாளம் பெயரிலேயே இருக்கிறது! ஆனால் அக்கா எடுத்த படத்தில் கொழுந்து மட்டும்தான் இருந்தது. கொழுந்து இலையில் மடல் தெளிவாகத் தெரியாது. இன்னொரு படம் கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை.

அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது அவர்கள் அதிர்ஷ்டம். என் அறிவுக்கு அதில் பங்கில்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் அக்கா கோபப்படவில்லை. "நீ சொன்னியேன்னுதாண்டி சாப்பிட்டேன்" என்றாள். முப்பத்து நான்கு வருடம் பாடம் நடத்தியதில் எந்த மேலதிகாரி கேட்ட கேள்வியும் என்னை அப்படிச் சுட்டதில்லை.

அதனால்தான் இந்தப் பதிவு. என் கருத்து இதுதான்: பெயர் உறுதியாகத் தெரியாத செடியை வாயில் வைக்கவும் கூடாது, வேரோடு பிடுங்கவும் கூடாது. முதலாவது உங்களுக்காக. இரண்டாவது அந்தச் செடிக்காகவும் உங்களுக்காகவும். நடுவில் ஒரு வேலை இருக்கிறது, பார்ப்பது. அதைத்தான் நாம் எல்லோரும் தாண்டிக் குதிக்கப் பார்க்கிறோம்.

முதலில், நிழலில் முளைப்பதை அடையாளம் காண்பது ஏன் கஷ்டம் என்று சொல்லிவிடுகிறேன்.

வெயிலில் வளரும் செடியும் நிழலில் வளரும் அதே செடியும் பார்க்க ஒன்றுபோல இருக்காது. நிழலில் தண்டு வெளிச்சம் தேடி நீளும். கணுவுக்குக் கணு இடைவெளி கூடும். இலை அகலமாகவும் மெல்லியதாகவும் வெளிறியும் இருக்கும். பூக்கத் தாமதமாகும், சில சமயம் பூக்கவே பூக்காது. புத்தகத்தில் உள்ள படமோ நல்ல வெயிலில், நன்றாகப் பூத்த செடியின் படம். அதை வைத்துக்கொண்டு பலாமரத்தடியில் தேடினால் அண்ணன் போட்டோவைக் காட்டித் தம்பியைத் தேடின கதைதான்.

அடுத்தது, அங்கே வருகிறவர்கள் யார் என்பது. மரத்தடியில் முளைப்பதில் பெரும்பகுதி மேலே உட்கார்ந்த பறவைகள் போட்டது. மணத்தக்காளி, கோவை, தூதுவளை, வேம்பு, கறிவேப்பிலை எல்லாம் அப்படி வரும். நர்சரியிலிருந்து ரோஜாச்செடி வாங்கினால் அந்தப் பையின் மண்ணில் பத்து விதை இலவசமாக வரும். மழைத்தண்ணீர் தெருவிலிருந்து கொண்டுவரும். நம் செருப்பும் கொண்டுவரும். ஆக, அங்கே நிற்பது நம் ஊர்ச் செடியாகவும் இருக்கலாம், ஏழு கடல் தாண்டியதாகவும் இருக்கலாம்.

இப்போது பார்ப்பது எப்படி? வகுப்பில் சொன்னதுதான். மறந்திருப்பீர்கள்.

முதலில் இலை தண்டில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு கணுவில் ஒன்றா (மாற்றிலையமைவு), எதிரெதிராக இரண்டா (எதிரிலையமைவு), சுற்றிலும் பலவா? இந்த ஒரு கேள்வியிலேயே பாதிச் சந்தேகம் கழிந்துவிடும். அடுத்து, தண்டு உருண்டையா, நான்கு பட்டையா? துளசியையும் தும்பையையும் விரலால் உருட்டினால் பட்டை தெரியும். கிள்ளினால் பால் வருகிறதா? (வந்தால் கண்ணில் படாமல் கையைக் கழுவுங்கள்.) இலைக்காம்பு எங்கே ஒட்டியிருக்கிறது? இலையின் அடிப்பக்கம் என்ன நிறம், ரோமம் உண்டா? கடைசியாகப் பூவும் காயும். பூ வரும்வரை சொன்ன பெயர் எல்லாம் பென்சிலில் எழுதின பெயர். பூ வந்த பிறகுதான் பேனா.

ஒரு எச்சரிக்கை. தெரியாத செடியைத் தடவிப் பார்க்காதீர்கள். வேலியோர நிழலில் செந்தட்டி கொடியாக ஏறும். அதன் ரோமம் பட்டால் அரை நாள் அரிப்பு. ஒரு துண்டுக் காகிதத்தால் இலையைத் திருப்பிப் பார்த்தால் போதும். நாக்கில் வைத்துப் பார்ப்பது சோதனையே அல்ல. சேம்பு வகை எதையும் பச்சையாக நாக்கில் வைத்தால் அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் வாயையும் தொண்டையையும் குத்தும்.

சில உதாரணங்கள் சொல்கிறேன். எல்லாம் இந்த மழையில் எனக்கு வந்த படங்கள்தான்.

வல்லாரை. ஈர நிழலில் படரும், வட்ட இலை. ஆனால் நர்சரிகளில் தொட்டிக்கு அழகாக விற்கும் ஹைட்ரோகாட்டைல் என்ற செடியும் வட்ட இலைதான். பலர் அதையே வல்லாரை என்று துவையல் அரைக்கிறார்கள். வித்தியாசம் இலைக்காம்பில் இருக்கிறது. வல்லாரை இலை சிறுநீரக வடிவம். அடியில் ஒரு வெட்டு இருக்கும், காம்பு அந்த வெட்டில் சேரும். மற்றதில் காம்பு தாமரை இலை மாதிரி நட்டநடுவில் சேரும், குடை பிடித்ததுபோல. மேலிருந்து படம் எடுத்தால் இது சரியாகத் தெரியவே தெரியாது. ஓர் இலையைக் கிள்ளித் திருப்பினால் ஒரு நொடியில் தெரியும்.

கீழாநெல்லி. புளிய இலை மாதிரி சிறிய இலைகள் வரிசையாக இருக்கும் எந்தச் செடியையும் கீழாநெல்லி என்று சொல்லிவிடுகிறோம். அந்த வரிசையைக் கவிழ்த்துப் பாருங்கள். ஒவ்வொரு சிறிய இலையின் கோணத்திலும் பூவோ குட்டி நெல்லிக்காயோ தொங்கும். பார்க்கக் கூட்டிலை மாதிரி இருந்தாலும் அவை ஒவ்வொன்றும் தனி இலை. கூட்டிலையின் சிற்றிலைக் கோணத்தில் பூ வராது. இந்த வரியைப் பதினோராம் வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! சரி, கீழே காய் இருந்தால் போதுமா? போதாது. அதே பேரினத்தில் பல செடிகள் நம் தோட்டங்களில் வருகின்றன. ஒன்றில் காய் வழவழப்பாகச் சின்னக் காம்போடு இருக்கும். இன்னொன்றில் சொரசொரப்பாக, காம்பே இல்லாமல், செம்மை ஓடி இருக்கும்.

கீழாநெல்லியைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்லவேண்டும். மஞ்சள் காமாலை என்பது ஒரு நோயின் பெயர் அல்ல, ஓர் அறிகுறி. வைரஸ் கிருமியாலும் வரும், பித்தப்பைக் கல்லாலும் வரும், வேறு காரணங்களாலும் வரும். எதனால் என்று மருத்துவப் பரிசோதனையில்தான் தெரியும். எந்தச் செடி என்றும் தெரியாமல், எந்த நோய் என்றும் தெரியாமல் அரைத்துக் குடிப்பது இரண்டு கண்ணையும் கட்டிக்கொண்டு ரோட்டைக் கடப்பதுதான். முதலில் மருத்துவரிடம் போங்கள்.

செங்காந்தள். நம் மாநிலப் பூ. மழை பெய்ததும் வேலியோரத்தில் நிலத்திலிருந்து தனித் தண்டாகக் கிளம்பும். பூத்துவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. பூக்கும் முன்பு, இலை நுனி பற்றுக்கம்பியாகச் சுருண்டிருப்பதுதான் அடையாளம். இதன் கிழங்கைத்தான் கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்கிறோம். அதிலுள்ள கோல்ச்சிசின் மருந்துக்கும் பயன்படுகிறது. அளவு மீறினால் உயிரையும் எடுக்கும். வள்ளிக்கிழங்கு என்று நினைத்து இதை வேகவைத்துச் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் தமிழ்நாட்டிலும் உண்டு, இலங்கையிலும் உண்டு. வேகவைத்தால் விஷம் போய்விடும் என்பது எல்லா விஷத்துக்கும் பொருந்தாது. கொல்லையில் தோண்டும்போது தெரியாத கிழங்கு கிடைத்தால் அது சமையலறைக்குப் போகக்கூடாது, அவ்வளவுதான்.

யாராவது தெரியாத செடியையோ கிழங்கையோ சாப்பிட்டுவிட்டால், உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், அல்லது நேராக மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது அந்தச் செடியின் கிளை, இலை, காய், மிச்சமிருக்கும் கிழங்கு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவி.

இதுவரை வாயில் வைக்காதே என்ற பாதி. இனி பிடுங்காதே என்ற பாதி.

சில வருடங்களுக்கு முன், கோடை மழைக்கு மறுநாள் இரவு, ஒரு மாணவி போனில் அழாத குறை. "டீச்சர், கொல்லையில் செத்த எலி நாற்றம். தேடிப் பார்த்தால் மண்ணுக்குள்ளேயிருந்து ஊதா நிறத்தில் மூளை மாதிரி ஏதோ வந்திருக்கு. மாமியார் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்கிறார்." படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். சேனைக்கிழங்கின் பூ. இலை வருமுன் பூ மட்டும் தனியாக மண்ணிலிருந்து வரும். அழுகிய மாமிச நாற்றம் வீசி வண்டுகளையும் ஈக்களையும் கூப்பிட்டு மகரந்தச் சேர்க்கையை முடித்துக்கொள்ளும். நாற்றம் ஓரிரண்டு நாளில் அடங்கிவிடும். நான் பெயரைச் சொல்வதற்குள் அவள் மாமியார் அதை வெட்டி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டார். பெயர் தெரியாததால் ஒரு வீடே ஒரு ராத்திரி தூங்கவில்லை. பெயர் தெரிந்ததும் பயம் போன இடம் தெரியவில்லை.

என் வீட்டுக் கறிவேப்பிலை மரத்தடியிலும் ஒரு செடி வந்தது. எதிரிலை, வழவழப்பு, இலையின் அடிப்பக்கம் வெளிர். வாசனை ஒன்றும் கிடையாது. எனக்குத் தெரியவில்லை. ஆம், எனக்கும் தெரியவில்லை! தோட்டத்தைச் சுத்தம் செய்ய வந்தவர் இரண்டு முறை மண்வெட்டியைத் தூக்கினார். "இருக்கட்டும்ப்பா, பூக்கட்டும்" என்றேன். சில வருடம் கழித்துக் கொத்தாகச் சின்னச்சின்னப் பூக்கள், நான்கு இதழ், வெளிர் நிறத்தில் தொடங்கி அரக்காக மாறின. பிறகு பட்டாணி அளவில் கருநிறப் பழம். சந்தனம்! ஏதோ ஒரு குயிலோ கொண்டைக்குருவியோ போட்டது. சந்தனக் கன்றின் இலையில் சந்தன வாசனை இருக்காது. முற்றிய மரத்தின் வைரத்தில்தான் இருக்கும். அது பக்கத்துச் செடிகளின் வேரிலிருந்து உணவு உறிஞ்சும் பாதி ஒட்டுண்ணி என்பதால், என் கறிவேப்பிலையோடு குடித்தனம் நடத்துகிறது. உங்கள் கொல்லையில் இருந்தாலும் சந்தன மரத்தை வெட்ட வனத்துறை அனுமதி வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். என்ன மரம் என்றே தெரியாமல் வெட்டிவிட்டு முழிப்பதைவிடத் தெரிந்து வளர்ப்பது மேல்.

சாதாரணச் செடிகளிலும் ஆச்சரியம் உண்டு. பாத்ரூம் தண்ணீர் போகும் இடத்தில் நீலப் பூ பூக்கும் கானாவாழை, மண்ணுக்கு அடியிலும் மூடின பூக்களை வைத்து அங்கேயே விதை பிடிக்கும். மேலே பிடுங்கப் பிடுங்க மறுபடி வருகிறதே என்று திட்டுகிறீர்களே, காரணம் அதுதான். குப்பைமேனியை மேலிருந்து பாருங்கள். ஓர் இலை இன்னோர் இலையின் வெளிச்சத்தை மறைக்காது. கீழ் இலைகளின் காம்பு நீண்டு, மேல் இலைகளின் காம்பு குட்டையாக, இடைவெளி பார்த்து அமைந்திருக்கும். இலை மொசைக் என்று இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படித்தீர்களே, அது. சுவரோரம் கண்ணாடித் தண்டோடு முளைக்கும் பெப்பரோமியா நினைவிருக்கிறதா? சிவப்பு மையில் நிறுத்திவைத்து, தண்டுக்குள் மை ஏறுவதை வரிசையில் நின்று பார்த்தீர்கள். மிளகு, வெற்றிலைக் குடும்பத்துச் செடி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் சிமெண்ட் வெடிப்பில் குடியேறியது. உங்களில் ஐந்தாறு பேர் அந்த ஒரு நாளுக்காகவே தாவரவியல் எடுத்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

இனி நீங்கள் கேட்கப்போவதற்குப் பதில்.

"டீச்சர், செயலி இருக்கே. படம் எடுத்தால் பெயர் வருது." நானும் வைத்திருக்கிறேன். தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது சொல்வது பதில் அல்ல, ஒரு யோசனை. பல சமயம் குடும்பத்தையும் பேரினத்தையும் சரியாகச் சொல்லிவிடும். அது பெரிய உதவி. இனத்தில்தான் தடுமாறும், அதுவும் பூ இல்லாத நிழல் செடி என்றால். விடேலியாவா கரிசலாங்கண்ணியா என்பது இனத்தில் வரும் கேள்வி.  செயலி ஒரு பெயர் சொன்னால், அந்தச் செடிக்கு என்னென்ன அடையாளம் இருக்கவேண்டும் என்று தேடிப் படித்து, உங்கள் செடியில் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஒன்று பொருந்தாவிட்டாலும் அது அந்தச் செடி இல்லை. நான் செய்யத் தவறியதும் இதுதான். போனைக் குறை சொல்லிப் பயனில்லை. அன்றைக்கு அக்காவுக்குச் செயலியாக இருந்தது நான்தான்.

"எங்க பாட்டிக்கு எல்லாம் தெரியும், அதெல்லாம் பார்க்கவே மாட்டாங்க." உங்கள் பாட்டி பார்க்காமல் சொல்லவில்லை. அறுபது வருடம் பார்த்துவிட்டுச் சொல்கிறார். முளைக்கும்போது, பூக்கும்போது, காயும்போது, அதே கொல்லையில், அதே செடியை. ஒரு படத்தைப் பார்த்துப் பெயர் சொன்னவர் அல்ல அவர். ஆனால் பாட்டி காலத்தில் நர்சரிச் செடிகள் இத்தனை இல்லை. பெயர்களும் ஊருக்கு ஊர் மாறும். பிரம்மி என்று ஒருவர் நீர்ப்பிரம்மியைச் சொல்வார், இன்னொருவர் வல்லாரையைச் சொல்வார். லின்னேயஸ் 1753-இல் இரண்டு சொல் பெயரைச் செடிகள் அனைத்துக்கும் வைத்தது பரீட்சையில் உங்களை வதைக்க அல்ல, இந்தக் குழப்பத்தைத் தீர்க்க.

நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் வழி இருக்கிறது. கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவரங்கள் பற்றிய நூல் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்தது. இன்றும் அதை விரித்துவைத்துப் பார்க்கிறோம். அருட்தந்தை மேத்யூ உருவாக்கிய ராப்பினாட் உலர்தாவரத் தொகுப்பு திருச்சி தூய வளனார் கல்லூரியில் இருக்கிறது. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென் மண்டல மையம் கோயம்புத்தூரில் இருக்கிறது. உங்கள் ஊர்க் கல்லூரியின் தாவரவியல் துறையிலும் கேட்கலாம். பூவோடு ஒரு கிளையைப் பழைய செய்தித்தாளுக்குள் வைத்து, மேலே பாரம் ஏற்றிக் காயவைத்து, எங்கே எப்போது எடுத்தது என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். படத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

"இவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கு? பாம்பு வரும், பூரான் வரும்." நியாயம். வாசற்படி, நடைபாதை, குழந்தைகள் விளையாடும் இடம் எல்லாவற்றையும் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது மூலையில் நாலடிக்கு நாலடி. ஒரு மழைக்காலம் அதை விட்டுவையுங்கள். என்ன வருகிறது என்று பாருங்கள்.

பார்த்த பிறகு பிடுங்கவேண்டியதைப் பிடுங்குங்கள். பெயர் தெரிந்த பிறகு தயவு தாட்சண்யம் வேண்டாம். பார்த்தீனியம் என்று உறுதியானால் பூக்கும் முன்பே, கையுறை போட்டு, வேரோடு எடுங்கள். தோல் அரிப்பும் மூச்சுத்திணறலும் தருவது அது. விடேலியாவையும் எடுங்கள். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தொகுத்த பட்டியலில் அதுவும் ஒன்று. ஒரு கணு மிஞ்சினாலும் மறுபடி வேர்விடும். எடுத்ததைச் சாக்கடையில் வீசாதீர்கள். அப்படி யாரோ வீசியதைத்தான் என் அக்கா இரண்டு மாதம் கூட்டு வைத்துச் சாப்பிட்டாள்.

ஆகவே, இன்றுமுதல் என் புதிய விதி. யார் ஒற்றைப் படம் அனுப்பினாலும் பெயர் சொல்லமாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். முழுச்செடி, தண்டில் இலை அமைந்த விதம், இலையின் அடிப்பக்கம், பூ, காய் என்று ஐந்து படம் அனுப்புங்கள். எங்கே முளைத்தது, வெயிலா நிழலா, எப்போதிலிருந்து என்று எழுதுங்கள். பூ இல்லையென்றால் பூக்கும்வரை இருவரும் காத்திருப்போம். பெயர் தெரிந்தால் சொல்வேன். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்வேன். "சாப்பிடலாமா" என்ற கேள்விக்குப் போனில் இனி என்னிடம் பதில் கிடையாது. சொந்த அக்காவாக இருந்தாலும் கிடையாது.

அவளிடம் இதைச் சொன்னபோது ஒன்றும் பேசவில்லை. போன வாரம் தபாலில் ஒரு உறை வந்தது. உள்ளே பழைய செய்தித்தாள், அதற்குள் தட்டையாகக் காய்ந்த ஒரு செடி, வேர் முதல் பூ வரை. ஓரத்தில் அவள் கையெழுத்தில்: "பலாமரத்தடி. தண்டு நாலு பட்டை. எதிரெதிர் இலை. பூ வெள்ளை. கிள்ளினால் பால் இல்லை. சாப்பிடவில்லை. பிடுங்கினது இது ஒன்றுதான், மற்றதெல்லாம் அங்கேயே இருக்கு. இது என்னன்னு பார்த்துச் சொல்லு, அவசரம் இல்லை."

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் என் அக்கா. பார்க்கிறேன் அக்கா. சரியாகப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்